கர்ப்பிணி இருக்கும் வீட்டில் புகை: தெரியாமல் செய்யும் தவறுகள்

காற்று மாசு என்றதும் நம்மில் பலருக்கு டெல்லிதான் நினைவுக்கு வருகிறது. "ரோட்டுப் பக்கம் போகாதம்மா, ஒரே புகை" என்று மருமகளைத் தடுக்கும் மாமியாரே, பொழுது சாய்ந்ததும் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கொசுவர்த்தியைக் கொளுத்தி அவள் கட்டிலுக்கு அடியில் வைப்பார். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுருளுக்குச் சுருள் இது மாறும். ஆனாலும் மூடிய அறையில் எட்டு மணி நேரம் என்பது எந்தச் சுருளுக்கும் அதிகம். அதற்காகக் கொசுவை விட்டுவிட முடியாது. டெங்குவும் மலேரியாவும் கர்ப்பிணிக்கு ஆபத்தானவை. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

இந்த நுண்துகளை பிஎம் 2.5 என்பார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்திலும் கலக்கக்கூடியது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நஞ்சுக்கொடியில் குழந்தையை ஒட்டிய பக்கத்திலேயே கரித்துகள் இருப்பதை 2019-ல் காட்டினார்கள். 37 வாரம் நிறையுமுன் பிரசவம், இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடை ஆகிய இரண்டுக்கும் காற்று மாசோடு தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகத் தெரிந்தது. நாலு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகு எரியும்போது காற்றிலுள்ள நுண்துகள் பல நூறு மைக்ரோகிராமைத் தொடும்.

"எங்க வீட்ல கேஸ் இருக்கே" என்பீர்கள். சோறும் குழம்பும் கேஸில்தான். குளிக்க வெந்நீர்? நெல் அவிக்க, மாட்டுக்குத் தண்ணீர் காய்ச்ச? அங்கெல்லாம் இன்னும் விறகும் தென்னமட்டையும்தான், ஊதுகுழலோடு குனிவதும் பெரும்பாலும் பெண்தான். பிரசவம் ஆகும்வரை அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.

அதேசமயம் அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. நம் விழுப்புரம், நாகப்பட்டினத்தையும் சேர்த்து, இந்தியா உட்பட நான்கு நாடுகளில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், கேஸ் அடுப்பு கிடைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் நன்றாகவே குறைந்தது. குழந்தையின் எடை மட்டும் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை, சாப்பாடு, ரத்த அழுத்தப் பரிசோதனை எதையும் புகைக் கவலையில் விட்டுவிடாதீர்கள். எடை குறைந்து பிறந்தால் தாயைக் குற்றம் சொல்வது இன்னும் பெரிய தவறு.

இனி, சொன்னால் பாட்டிகளுக்குக் கோபம் வரும் விஷயம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் தூபக்காலில் கரி கனியும். ஒரு சிட்டிகை சாம்பிராணி விழுந்ததும் புகை குபுகுபுவென்று எழும்பும். தலை ஈரம் காயட்டும், சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று பிள்ளையை அதன் மேலேயே காட்டுவார்கள். பச்சிளம் குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடும், அதாவது நம்மைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். கரி நெருப்பில் கார்பன் மோனாக்சைடும் வரும். ஈரத்தைப் போக்கப் பருத்தித் துண்டே போதும். வாசனை வேண்டுமென்றால், பிள்ளை வேறு அறையில் இருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துப் போடலாம். சண்டையும் வராது.

பால்கனியில் சிகரெட் பிடித்துவிட்டு வந்து அதே சட்டையோடு குழந்தையைத் தூக்கும் அப்பாக்களுக்கு: விடுவதுதான் சரி. அதுவரைக்கும் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

வெளியே போகும்போது துப்பட்டாவை மூக்கில் சுற்றுவது தூசிக்குச் சரி, நுண்துகளை அது தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் தடுக்கும். மூச்சு முட்டினால் கழற்றிவிடுங்கள். காற்றின் தரத்தைக் காட்டும் மத்திய அரசின் 'சமீர்' செயலியில் பச்சை தெரிந்தாலும் முழுதாக நிம்மதி வேண்டாம்: நம் நாட்டுக் கணக்கில் நுண்துகள் 30 மைக்ரோகிராம் வரை 'நன்று', உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்வதோ 15. போகிப் பண்டிகை விடியற்காலையும் தீபாவளி இரவும் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். மற்ற நாட்களில், தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் திறந்து வையுங்கள்.

வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், அங்கே வெந்நீர் எதில் காய்கிறது, பிள்ளை பெற்றவளைப் படுக்க வைக்கும் அறை அடுப்பங்கரையை ஒட்டியதா, குப்பையைக் கொல்லையில்தான் கொளுத்துகிறார்களா என்று கிளம்புமுன்பே கேட்டுவிடுங்கள். பிறந்த பிள்ளை முதல் சில மாதங்கள் இருக்கப்போவது அந்த வீட்டில்தானே.