ஒரே தேதி என்றால் ஒரே நாளா?

'வரலாற்றில் இன்று' தொகுப்புகளில் ஆண்டு தவறாமல் வரும் செய்தி இது: ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் மறைந்தார்கள். மனத்தைத் தொடும் செய்திதான். ஆனால் உண்மையல்ல. ஸ்பெயின் அப்போதே, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. இரண்டுக்கும் இடையே 10 நாள் வேறுபாடு. ஷேக்ஸ்பியர் கண்மூடிய அன்று மாட்ரிட்டில் மே 3. போதாக்குறைக்கு, செர்வான்டெஸ் இறந்தது 22ஆம் தேதி என்றும், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் இதே தவறுதான். கலிலியோவின் 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு. புதிய கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து வேறொரு தவறு செய்கிறார்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி 1917 அக்டோபர் 25இல் நடந்து, நவம்பர் 7 என்று கொண்டாடப்படுகிறதல்லவா? அந்த 13 நாளை எல்லா நூற்றாண்டுக்கும் கூட்டிவிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வேறுபாடு 10 நாள், 18இல் 11, 19இல் 12. 13 என்பது 1900க்குப் பிறகுதான்.

நாட்காட்டி ஒன்றாகவே இருந்தாலும் ஊர் நேரம் ஏமாற்றும். ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதல் 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது டிசம்பர் 8 என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். தேதியை மட்டும் பார்த்தால் மலாயா மறுநாள் என்றே தோன்றும். உண்மையில் கோத்தா பாருவில் நள்ளிரவு தாண்டிச் சண்டை தொடங்கியபோது ஹவாயில் இன்னும் 7ஆம் தேதி விடியற்காலைதான். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்ததே அதற்குப் பிறகுதான். எந்த ஊர்த் தேதி என்று குறிப்பிடாததால் முன்னது பின்னதாகிவிடுகிறது.

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 1776 ஜூலை 4 அன்றே அனைவரும் கையெழுத்திட்டதாக எழுதுவதையும் விட்டுவிடலாம். அன்று அது ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

அதற்காக எல்லா ஒற்றுமைகளையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்தப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவன்று, 1826 ஜூலை 4, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் இறந்தார்; இன்னொரு முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்சில் அன்று மாலை இறந்தார். ஒரே நாடு, ஒரே நாட்காட்டி, ஒரே நாள்.