‘அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்’: ரசிகர்கள் தடுமாறும் இடங்கள்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2012 லண்டனில் வெள்ளி. மல்யுத்த வீரர் சுஷில் குமார் என்றால் 2021 மே மாதம் வரை இதுதான் நினைவுக்கு வரும். அந்த மாதம் டெல்லி சத்ரசால் மைதானத்தில் தாக்கப்பட்ட சாகர் தன்கட் என்ற இளம் மல்யுத்த வீரர் இறந்துபோனார். அந்தக் கொலை வழக்கில் சுஷில் கைதானார்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் ரசிகர்கள் செய்யும் முதல் தவறு, பதக்கங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. “இத்தனை வருஷம் ஒழுக்கமா உழைச்சவர் ஆச்சே” என்கிறோம். சரி, உழைத்தார். ஆனால் நமக்குத் தெரிந்தது களத்தில் அவர் நின்ற சில நிமிடங்கள் மட்டுமே. மைதானத்துக்கு வெளியே அவர் யார் என்று சொல்ல நம்மிடம் எதுவும் கிடையாது.

அடுத்தது, ஜாமீனைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. 2025 மார்ச்சில் சுஷிலுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதலாவதைக் கேட்டு “பார்த்தியா, விட்டுட்டாங்க” என்பதும், இரண்டாவதைக் கேட்டுக் “குற்றம் உறுதி” என்பதும் ஒரே அவசரம்தான். விசாரணை முடியும்வரை வெளியே இருக்கலாமா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

முதல் தீர்ப்போடு கதை முடிந்துவிடும் என்றும் இல்லை. தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013 பிப்ரவரி 14 அன்று, பூட்டியிருந்த கழிவறைக் கதவு வழியாகச் சுட்டதில் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். 2014இல் அது கொலை அல்ல, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் என்று ஐந்தாண்டு சிறை. 2015இல் மேல்முறையீட்டில் கொலை என்றே தீர்ப்பானது. தண்டனை ஆறாண்டாகி, 2017இல் 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது. நேபாள சுழற்பந்து வீச்சாளர் சந்தீப் லாமிச்சானே விஷயத்தில் நேர் எதிர்: பாலியல் வன்கொடுமை வழக்கில் 2024 ஜனவரியில் எட்டாண்டு சிறை விதித்தார்கள், மே மாதம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. முதல் நாளே முடிவு கட்டியவர்கள் இரண்டு பக்கமும் வாயடைத்துப் போனார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, புகார் கொடுத்தவரைத் துரத்துவது. அந்தப் பெண் யார், போட்டோ கிடைக்குமா, பணத்துக்காகவா என்று தோண்டுகிறோம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியாவில் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தலைவனைக் காப்பாற்றப் போய்த் தானே குற்றவாளியாகும் ரசிகனுக்கு எந்த வீரரும் வக்கீல் வைக்க மாட்டார்! இறந்தவர் என்றால் வேறு விதமான அநியாயம் நடக்கிறது. ரீவா சட்டம் படித்தவர், மாடல். உலகமோ அதை ‘பிஸ்டோரியஸ் வழக்கு’ என்றே சொல்லிப் பழகிவிட்டது.

பழைய ஆட்டத்தையெல்லாம் மனசிலிருந்து அழித்தாக வேண்டும் என்று சிலர் துடிக்கிறார்கள். தேவையில்லை. லண்டன் வெள்ளி அன்றைக்கு உண்மையாக வென்றதுதான். சூதாட்டம் மட்டும் வேறு கணக்கு, ஏனென்றால் அங்கே விற்கப்பட்டது ஆட்டமேதான். 2010இல் லார்ட்ஸில் பணத்துக்காக நோபால் வீசிச் சிறை சென்ற பாகிஸ்தானின் முகமது ஆமிர், 2016இல் அதே லார்ட்ஸில் மீண்டும் டெஸ்ட் ஆடினார். தண்டனையை முடித்தவர், ஆடட்டும். அவர் காலைக் கோட்டுக்கு வெளியே வைக்கும்போதெல்லாம் ஒரு ரசிகர் புருவத்தை உயர்த்தினால், அந்த ரசிகரைத் துரோகி என்று திட்டாமல் இருந்தால் சரி.