நுண்துளைக்குள் இருக்கும் பனிக்கட்டி எப்போது உருகும்? அளக்கும் முறை

4 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா துளைக்குள் உறைந்த நீர், மைனஸ் 32 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். நீர் மூலக்கூறு ஒன்றின் அகலம் ஏறக்குறைய 0.28 நானோமீட்டர். ஆக, அந்தத் துளையின் குறுக்கே பதினான்கு மூலக்கூறுகள்தான் நிற்கும். ஓரத்தில் நிற்பவை சுவரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கிக்கொள்வதால் பனிக்கட்டியின் ஒழுங்குக்குள் வருவதே இல்லை. டிஎஸ்சி கருவி (மாதிரி சூடாகும்போதும் குளிரும்போதும் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது, விடுகிறது என்று அளப்பது) கிடைத்தால் இதை நீங்களே பார்க்கலாம், அவசியம் பாருங்கள்.

துளைகள் நிறைந்த சிலிக்கா பொடிக்கு எம்சிஎம்-41 எடுங்கள். 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்தச் சிலிக்காவில் துளைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. சாதாரண சிலிக்கா ஜெல்லில், டிஎஸ்சி வரைபடத்தில் உருகலைக் காட்டும் முகடு, அதாவது பீக், பரந்து விரிந்து, எதையும் சொல்ல முடியாமல் போகும். பொடியை 120 டிகிரியில், வெற்றிடத்தில், இரவு முழுக்க உலர்த்துங்கள். பல நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் சுவரில் நீரைப் பிடித்துவைக்கும் சைலனால் (Si-OH) தொகுதிகள் போய்விடும். பிறகு நீர் சுவரில் சரியாக ஒட்டாது.

அடுத்தது நீர் ஊற்றும் அளவு. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். நைட்ரஜன் உறிஞ்சல் அளவீட்டில் துளைக் கொள்ளளவு கிராமுக்கு 0.8 மில்லி என்று வந்தால், 10 மில்லிகிராம் பொடி 8 மில்லிகிராம் நீரைக் குடிக்கும். நான் 10 விடுவேன். குறைத்து ஊற்றினால் நீர் முதலில் சுவரில்தான் படியும்; உள்ளே நீர் இருந்தும் பீக் வராமல் போகலாம். வெளியே மிஞ்சும் நீரோ 0 டிகிரியில் உருகி, ஒப்பிட ஒரு பீக்கைத் தரும். மாதிரி வைத்த சிறு கிண்ணத்தை உடனே இறுக்கி மூடி, அன்றே அளந்துவிடுங்கள். எம்சிஎம்-41-இன் மெல்லிய சுவர்கள் நீரில் நெடுநேரம் தாங்காது.

மைனஸ் 80 வரை குளிரவைத்து, மைனஸ் 3-க்கு ஏற்றி, சில நிமிடம் நிறுத்தி, மறுபடி இறக்குங்கள். அப்போது துளை நீர் மட்டும் உருகி, வெளிப் பனிக்கட்டி அப்படியே நிற்கும். துளை நீர் மறுபடி உறைய அதுவே விதை. பின்னர் நிமிடத்துக்கு 1 டிகிரி வேகத்தில் சூடேற்றுங்கள். குளிரும்போது வரும் பீக், உறைநிலைக்குக் கீழேயும் நீர் உறையாமல் நிற்கும் மிகைக்குளிர்ச்சியால் தள்ளிப்போகும் என்பதால், நான் சூடேற்றத்தில் வருவதை மட்டுமே நம்புவேன்.

கணக்கு எளிது. துளையின் ஆரத்தில் 0.4 நானோமீட்டரைக் கழித்து, 52-ஐ அதால் வகுத்தால் உருகுநிலை எத்தனை டிகிரி இறங்கும் என்று கிடைக்கும். ஆரம் 2 என்றால் 52-ஐ 1.6-ஆல் வகுக்க வேண்டும்: 32.5. கழித்த அந்த 0.4தான் உறையாத சுவர்ப் படலம். பார்க்கச் சின்னது. ஆனால் 1.6-இன் வர்க்கத்தை 2-இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.64; அதாவது துளை நீரில் 36 சதவீதம் உறைவதே இல்லை! அதனால் பீக்கின் பரப்பை, சாதாரணப் பனிக்கட்டி உருகத் தேவையான உள்ளுறை வெப்பமான கிராமுக்கு 334 ஜூலால் வகுத்து நீரின் அளவைச் சொல்லிவிடாதீர்கள். உறையும் பகுதியின் உள்ளுறை வெப்பமும் அந்தக் குளிரில் குறைவுதான்.

பென்சீன், சைக்ளோஹெக்சேன் போன்றவற்றுக்கு 52 பொருந்தாது. அளவு தெரிந்த சில துளைப் பொடிகளில் அவற்றை உருக்கிப் பார்த்து, அந்தந்தத் திரவத்துக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.