முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் முடிந்துவிடுமா?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் மாலையில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்: 'பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் கட்டப்பட்டு, தண்ணீர் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம்.'

முற்றுப்புள்ளி இருக்கிறது, வாக்கியம் இல்லை. பாலம் என்ன ஆயிற்று என்று படிப்பவர் காத்திருக்கிறார். 'கட்டப்பட்டு' வினையெச்சம், அதாவது இன்னொரு வினையை எதிர்பார்க்கும் முடியாத வினை. 'கொண்டுபோகும்' இங்கே பெயரெச்சம், அடுத்து ஒரு பெயரை எதிர்பார்ப்பது. எச்சம் எத்தனை வந்தாலும் பயனிலை, அதாவது வாக்கியத்தை முடிக்கும் சொல், ஆகாது. 'எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது' என்று சேர்த்தால் சரி.

நீளத்தை வைத்து அளப்பதும் தவறு. 'வந்தேன்' ஒரே சொல்தான், ஆனாலும் முழு வாக்கியம். யார் செய்தது என்று சொல்லும் எழுவாய், இங்கே 'நான்', அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 'இது தொட்டிப்பாலம்' என்பதில் வினையே இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது, அதுவும் முழு வாக்கியம்தான்.

அப்புறம், பெரியவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று: 'பாலத்தில் நடந்து போய், காற்று பலமாக அடித்தது.' நடந்தது யார்? இந்த வாக்கியப்படி காற்று! 'போய்', 'நடந்து' போன்ற எச்சங்களுக்கும் கடைசி வினைக்கும் பொதுவாக எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். 'நாங்கள் பாலத்தில் நடந்து போனபோது காற்று பலமாக அடித்தது' என்று எழுதலாம். 'மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோமே?' என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே மழைதான் குளம் நிறையக் காரணம், அதனால் பொருந்துகிறது. நடந்ததால் காற்று அடிக்கவில்லையே!

'தூண்கள் நிற்கிறது' என்பதைப் பேச்சில் யாரும் கவனிப்பதில்லை. எழுத்தில் பன்மை எழுவாய்க்குப் பன்மை வினை வேண்டும்: 'தூண்கள் நிற்கின்றன'.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் 'என் அம்மா' என்பதை 'எனக்க அம்மை' என்கிறோம். அதை ஏட்டில் எழுதும்போது 'எனக்கு அம்மா' என்று திருத்திக்கொள்கிறார்கள். 'எனக்கு அம்மா பாலத்தைக் காட்டினார்' என்றால் பொருளே மாறிவிடுகிறது: யாருடைய அம்மா என்று சொல்ல வந்தது, யாருக்குக் காட்டினார் என்று ஆகிவிடுகிறது. பேச்சுத் தமிழைக் குற்றம் சொல்லித் திருத்தாதீர்கள், அது பிள்ளையின் வாயை அடைத்துவிடும். 'எனக்க' என்பது எழுத்தில் 'என்', 'அவனுக்க' என்பது 'அவனுடைய' என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.