கேக் ஓவனுக்கு வயரிங்: பெரிய எம்சிபி போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை

டிசம்பர் பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம், அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலை வரைக்கும் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து, அச்சப்பத்தோடு கேக்கும் வேண்டும். புதிதாக ஓவன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவார்கள். ஒத்தாசைக்கு இரண்டு பையன்களைச் சேர்த்தேன். நான் வயரிங் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே கிறுக்குத்தனத்தை என் கண்ணெதிரே செய்யப் போனார்கள். ஈரக்கையோடு தொடாதே, மெயினை ஆஃப் செய் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அதை விடுகிறேன். ஓவன் விஷயத்தில் நடக்கிற மற்றத் தப்புகளைச் சொல்கிறேன்.

வாட் பார்க்காமல் வாங்குவது

ஓவனின் பின்பக்கத் தகட்டில் வாட் எழுதியிருக்கும். 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். மேடைமேல் வைக்கிற 2000 வாட் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்டும் 2.5 எம்எம் (சதுர மில்லிமீட்டரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) செம்பு வயரும் வேண்டும். அலமாரிக்குள் பதிக்கிற 3500 வாட் ஓவன் 15 ஆம்பியருக்கு மேல் போகும். வீட்டு லைன்களெல்லாம் பிரிகிற டிபி பாக்ஸிலிருந்து தனியாக 4 எம்எம் லைன் இழுத்து, பிளக் இல்லாமல், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் சுவிட்சில் நேராக முடிப்பதுதான் என் வழக்கம்.

எம்சிபி விழுகிறதென்று பெரிய எம்சிபி போடுவது

குழித்துறைப் பக்கம் ஒரு வீடு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும். "கேக்கு பாதி வேகும்போ கரண்டு போவுது மக்கா, எப்பிடியாவது செரியாக்கித் தா" என்றார் அந்த வீட்டு அம்மா. டிபியைத் திறந்தால் சமையலறைக்கு ஒரே ஒரு 16 ஆம்பியர் எம்சிபி (ஓட்டம் மிஞ்சினால் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்). அதை எடுத்துவிட்டு 32 போட்டேன். பத்து நிமிஷ வேலை. கேக் வெந்தது. ஒரு துண்டு பார்சலும் கிடைத்தது.

அந்தச் சமையலறை முழுக்க 1.5 எம்எம் வயர். சுவருக்குள் பைப்பில் போகும்போது அது தாங்குவது 13, 14 ஆம்பியர்தான். ஓவன், இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாக ஓடினால் 21. பழைய எம்சிபி அதனால்தான் விழுந்தது. அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது, நான்தான் வாயைக் கட்டிவிட்டேன். 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழக்கூடாது என்பதுதான் அதன் தயாரிப்பு விதியே. 21 அதற்கு ஒரு பொருட்டா? வயரில் ஓட்டம் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்காகும். மேலே இருக்கிற பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் தாங்குகிற சரக்கு இல்லை.

உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் மோசம். ஈஸ்டர் சமயத்தில் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். சமையலறைச் சுவரில் மீன் வாடை வருகிறதாம். தினமும் மீன் வாங்குகிற வீடு, ஒரு வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. சுவிட்சு, சாக்கெட்டு பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் வாடை வரும். பெட்டியைத் திறந்து வயரைத் தொட்டேன். உறை கருகின அப்பளம் மாதிரி கையில் உதிர்ந்தது. புது வயர் இழுக்கலாமென்று ஸ்பிரிங் விட்டால் உள்ளே போகவில்லை. பைப்பும் வயரும் உருகி ஒரே கட்டி. பதினொரு டைலை உடைத்துச் சுவரில் காடி வெட்ட வேண்டியதாயிற்று. அதே டைலுக்காக நாகர்கோவிலில் அலைந்தேன், திருவனந்தபுரம் சாலை பஜாரிலும் கேட்டேன். அந்த டிசைன் நின்று மூன்று வருஷமாம். கிரீம் கலர் சுவருக்கு நடுவே வெள்ளைப் பட்டை இன்றும் இருக்கிறது. முதலிலேயே தனி லைன் போட்டிருந்தால் அந்நாளில் மூவாயிரத்தில் முடிந்திருக்கும். முடிந்தது இருபத்துமூவாயிரத்தில், பாதி என் கைக்காசு.

போன வாரம் ஒத்தாசைக்கு வந்த பையன்களில் ஒருவன் கேட்கிறான்: "அண்ணே, சிக்ஸ்டீன் நிக்க மாட்டேங்குது, தேர்ட்டி டூ போட்டுருவோமா?" கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எறியாமல் இருந்தது என் புண்ணியம்.

எம்சிபி காப்பது வயரை, ஓவனை அல்ல. முதலில் வயரைப் பாருங்கள். 1.5 எம்எம் என்றால் 10, 2.5 என்றால் 16, 4 என்றால் 20 அல்லது 25. விழுந்தால் லோடைப் பிரியுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

வேண்டாம்.

ஓவனுக்கு நேர் பின்னால் சுவிட்ச்

தீ பிடித்தால் அதன்மேல் கை நீட்டியா அணைப்பீர்கள்? பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி.

ஆர்சிசிபியைக் கழற்றுவது

நம் பக்கம் இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. மாசக்கணக்கில் போடாத ஓவனின் சூடேற்றும் கம்பிக்குள் இருக்கிற வெள்ளைப் பொடி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். டிசம்பரில் போட்டதும், கரண்டு கசிந்தால் நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழும். "ஆர்சிசிபி கேடு" என்று அதை பைபாஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எர்த்தும் சரியில்லாத வீடாக இருந்தால் அது கொலை. எலக்ட்ரீஷியனிடம் கம்பியை மெக்கரில் (கசிவு பார்க்கிற மீட்டர்) பார்த்து, ஈரம்தான் என்றால் காயவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு மழைக்காலத்திலும் வாரம் ஒரு தடவை ஓவனைச் சூடாக்கி வையுங்கள்.

கேக் பொங்காததற்கு ஓவனைத் திட்டுவது

டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் சாயங்காலம் 190 வோல்ட்தான் வரும். அப்போது 2000 வாட் ஓவன் ஏறக்குறைய 1360 வாட்தான் கொடுக்கும். வயரை மாற்றியும் பயனில்லை. மத்தியானம் பேக் செய்யுங்கள்.

செலவு

டிபியிலிருந்து 12 மீட்டர் தூரம் என்று வையுங்கள். ஃபேஸ், நியூட்ரல் 4 எம்எம், எர்த் 2.5 எம்எம், எம்சிபி, சுவிட்ச், பைப் எல்லாம் சேர்ந்து இப்போது ஐயாயிரத்தைத் தொடும். செம்பு விலை ஆடினால் அதுவும் ஆடும். ஆர்சிசிபி இல்லாத வீடென்றால் இன்னொரு இரண்டாயிரம். ஓட்டுகிற செலவு அவ்வளவு இல்லை. 2000 வாட் ஓவன் முழு மணி நேரம் எரிந்தாலும் 2 யூனிட்தான், தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரிப்பதால் அதற்கும் குறையும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், பாறசாலைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. பதிக்கிற ஓவன் வாங்குமுன் உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று செக்‌ஷன் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். காடி பூசுகிற கொத்தனார் கூலி தனி.