மெல்லிய காற்றில் கைட் சேர்ஃபிங்: கொழும்பிலிருந்து போகும் தொடக்கநிலையினருக்கு

பெரிய பட்டம் ஒன்று இழுக்க, பலகையில் நின்று நீரின் மேல் ஓடும் கைட் சேர்ஃபிங் வகுப்பை முடித்து, 15 முதல் 20 நொட் காற்றில் இரு பக்கமும் பலகையில் நின்று ஓடப் பழகிய ஒருவருக்குக் கொழும்பில் அடுத்து வரும் சிக்கல், விடுமுறையும் காற்றும் ஒத்துவராமைதான். கற்பிட்டியில் தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை தாராளமாக வீசுகிறது. நமக்கோ நத்தாரையும் தைப்பொங்கலையும் ஒட்டித்தான் நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. அப்போது 10, 12 நொட்டைத் தாண்டாத நாட்களும் வரும். அத்தகைய நாளில் பட்டத்தைச் சுருட்டி வைக்காமல் ஓடுவது எப்படி என்பதையே இங்கு படிப்படியாகச் சொல்கிறேன். பலகையில் இன்னும் எழுந்து நிற்காதவர்கள், முதலில் தகுதி பெற்ற பயிற்றுநரிடம் அதைக் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

முதலாவது: காற்றை அளத்தல்

ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் வானிலை அறிவிப்புகள் கிலோமீற்றரில் வருவதால், அந்த எண்ணை ஏறக்குறையப் பாதியாக்கிக்கொண்டால் நொட் கணக்கு கிடைத்துவிடும். 8 முதல் 12 நொட், அதாவது மணிக்கு 15 முதல் 22 கிலோமீற்றர் வரையுள்ள காற்றையே இங்கு மெல்லிய காற்று என்கிறேன். கருவி இல்லாதவர்கள் கடலைப் பார்த்தே மதிப்பிடலாம். வெண்ணுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் 10 நொட்டுக்குக் கிட்டவும், பரவலாகத் தெரிந்தால் 12க்கு மேலும் இருக்கும். நுரையே இல்லையென்றால், தொடக்கநிலையினர் அன்று கரையில் இருந்து தேநீர் குடிப்பதே மேல்.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 8 நொட்டுக்கும் 12 நொட்டுக்கும் இடையே விசை இரண்டேகால் மடங்காகிறது. மெல்லிய காற்றில் இரண்டு நொட் கூடுவதும் குறைவதும் நாளையே மாற்றிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது: திசையும் இடமும்

வேகத்தைவிடத் திசை முக்கியம். மேற்குக் கரையில் மார்கழி, தை மாதக் காலைகளில் வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதில் இறங்கவே கூடாது. பட்டம் விழுந்தால் காற்று உங்களை ஆழ்கடலுக்குத்தான் கொண்டுபோகும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து, கரைக்குச் சாய்வாகவோ கரையை நோக்கியோ வீசத் தொடங்கிய பின்னரே ஆயத்தமாக வேண்டும்.

கொழும்பு நகரக் கரை இதற்கு உகந்ததன்று. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பாறைகளும் அவற்றையொட்டி ரயில் பாதையும் உள்ளன. காலிமுகத்திடல் பிள்ளைகளின் பட்டங்களுக்கே போதாத இடம். ஏறக்குறைய 160 கிலோமீற்றர் பயணித்துக் கற்பிட்டிக் களப்புக்குப் போவதற்கு முக்கியமான காரணம், அங்கு பல இடங்களில் இடுப்பளவு நீரில் நிற்க முடியும் என்பதே. அது ஏன் இவ்வளவு பெரிய வசதி என்பது ஐந்தாவது படியில் விளங்கும். கடற்பக்கம் போவதாயின், கரைவலை இழுக்கும் பருவம் அதுவே என்பதால், வலைக்கயிறு நீருக்குள் எங்கே ஓடுகிறது என்று மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மூன்றாவது: பட்டமும் பலகையும்

75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 12 நொட்டில் 14 அல்லது 15 சதுர மீற்றர்ப் பட்டமும், 10 நொட்டில் 17 சதுர மீற்றர்ப் பட்டமும் ஏற்கும். ஆனால் காசு குறைவாக இருந்தால் முதலில் பலகையை மாற்றுங்கள் என்பதே என் கருத்து. 150 முதல் 165 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமும் கொண்ட, வளைவு குறைந்த தட்டையான பலகை, சிறிய இழுவையிலேயே நீரின் மேல் எழும்பிவிடும். பெரிய பட்டம் மெதுவாகத் திரும்பும். பெரிய பலகைக்கு அந்தக் குறை இல்லை. நீருக்கடியில் இறக்கை பூட்டிய ஃபொயில் பலகை இன்னும் குறைந்த காற்றிலும் ஓடும் என்றாலும் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பட்டத்தின் முன்குழாயை, வால்வு அருகே அச்சிட்டுள்ள அழுத்தம் வரை முழுமையாக ஊதுங்கள். தளர்ந்த குழாய் வளைந்து பட்டத்தின் வடிவத்தைக் கெடுக்கும். அடுத்து நான்கு நூல்களையும் நீட்டி அளவு பாருங்கள். முன்நூல்களே பெரும்பாரத்தைத் தாங்குவதால் நாளடைவில் அவை நீண்டுவிட, பின்நூல்கள் தாமாகவே குட்டையாகிப்போகின்றன. பலத்த காற்றில் தெரியாத இந்தக் குறை, மெல்லிய காற்றில் பட்டத்தைப் பின்புறமாக விழுத்திவிடும். பட்டத்தில் பின்நூல் பூட்டும் இடத்தில் பல முடிச்சுகள் இருந்தால், பட்டத்துக்கு மிகத் தொலைவான முடிச்சில் பூட்டி அந்நூல்களைத் தளர்த்தலாம். சிறுவயதில் முச்சை கட்டிய எவருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

நான்காவது: ஏற்றுதலும் ஓடுதலும்

துணையாள் பட்டத்தை விட்டதும் நூல் தொய்ந்தால், பாரை (நூல்கள் பூட்டிய, கையில் பிடிக்கும் தண்டை) இழுக்காமல் நீங்கள் பின்னால் நடவுங்கள். நடப்பதே பட்டத்துக்குக் காற்றைக் கூட்டிக்கொடுக்கும். இந்த ஒரு விடயத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: வானத்தில் அசையாமல் நிற்கும் பட்டத்துக்குக் கிடைப்பது அன்றைய 10 நொட் மட்டுமே, ஓடும் பட்டமோ தன் வேகத்தால் தனக்கென்று மேலும் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது.

பலகையை அணிந்து நீரில் அமர்ந்தபின், காற்றுப் போகும் பக்கம் பார்த்து, முன்னாலுள்ள வானத்தைக் கடிகார முகமாக எண்ணி, தலைக்கு நேர்மேலே 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் போவதானால் பட்டத்தை 11 மணிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 12ஐக் கடந்து 2 மணிக்குக் கீழே வரை நீளமாகப் பாய விடுங்கள். பலகையின் மூக்கை வழமையைவிடக் காற்றுப் போகும் பக்கமாகத் திருப்பி வையுங்கள். எழுந்தவுடன் பட்டத்தை மேலே திருப்பி, உடனே மறுபடியும் பாய விடவேண்டும். முதல் இழுவை எழுப்பத்தான் போதும், ஓட வைப்பது இரண்டாவது. பிறகு 1 மணிக்கும் இரண்டரைக்கும் இடையே பாம்பு நெளிவதுபோல மேலும் கீழும் தொடர்ந்து ஓட்டுங்கள். கீழே பாயும்போது பாரை அளவாக இழுத்து, மேலே ஏறும்போது நீள விடவேண்டும்.

நான் ஒரு பிற்பகல் முழுவதையும் வீணாக்கியது இங்கேதான். இழுவை குறையும்போது பாரை மார்போடு இழுப்பது கையின் இயல்பு. ஆனால் அப்படி இழுத்தால் பின்நூல்கள் இறுகி, பட்டம் பறப்பதை நிறுத்திப் பின்வாங்கி விழுகிறது. ஐந்து தடவை விழுத்திய பிறகு, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "காத்து விழுந்திட்டு தம்பி, இனி எழும்பாது" என்றார். உண்மையில் காற்று அப்படியேதான் இருந்தது. விழுந்தது என் கையால். பாரை ஒரு சாண் தள்ளி விட்டதும் அதே காற்றில் ஓட முடிந்தது.

பலகையில் நிமிர்ந்து நின்று, முன்காலில் பாரத்தைக் கூட்டி, பலகையைத் தட்டையாக ஓட விடுங்கள். குதிகாலால் விளிம்பை அழுத்தி எதிர்க்காற்றில் ஏறும் ஆசை, வேகம் கிடைத்தபின் சிறிது சிறிதாக வரட்டும். முதல் நாட்களில் புறப்பட்ட இடத்துக்கே ஓடி வர முடியாது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துதான் திரும்ப வேண்டும்.

ஐந்தாவது: பட்டம் நீரில் விழுந்தால்

மெல்லிய காற்று ஆபத்தற்றது என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. 20 நொட்டில் விழுந்த பட்டம் ஏறக்குறையத் தானே எழும்பும்; 9 நொட்டில் நனைந்து கிடக்கும். ஒரு பக்கப் பின்நூலைப் பொறுமையாக இழுத்துப் பிடித்து, பட்டம் காற்றெல்லையின் (பட்டம் பறக்கக்கூடிய வான்பரப்பின்) ஓரத்துக்கு நகரும்வரை காத்திருங்கள். கால் நிலத்தில் எட்டினால் நூல் இறுகப் பின்னால் நடவுங்கள். களப்பைத் தேர்ந்த காரணம் இதுதான். சில நிமிடங்களில் எழும்பாவிட்டால், பட்டத்தின் இழுவையை நீக்கும் பாதுகாப்பு விடுவிப்பை இயக்கி, அதன்பின் பட்டத்தை உங்களோடு பிணைத்திருக்கும் பாதுகாப்பு நூலை முதலில் சுற்றி, மற்ற நூல்களையும் பாரில் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடைந்து, அதன் நுனியைப் பாய்போலப் பிடித்துக் கரை சேருங்கள். இதைக் கரையோர நீரில் ஒத்திகை பார்க்காமல் தொலைவுக்குப் போகாதீர்கள்.

மற்றைய ஆபத்து வானத்திலிருந்து வரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை முகிலுக்கு முன்னே திடீர்க் காற்று பாயும். 10 நொட்டுக்கென ஏற்றிய 17 சதுர மீற்றர்ப் பட்டத்தில் 25 நொட் மோதினால் விசை ஆறு மடங்குக்கு மேல். நிலப்பக்கம் முகில் கறுத்தால் முதல் இடியோசைக்கு முன்பே பட்டத்தை இறக்கிவிடுங்கள்.

வீடு திரும்பியபின் உப்பைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் மொட்டைமாடியில் கொடி கட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. 17 சதுர மீற்றர்ப் பட்டம் ஒன்று விரிந்தால் மேல்வீட்டு அன்ரி சேலை காயப்போட இடம் மிஞ்சாது.