புள்ளிமான் கலையின் வயதைத் தோற்றத்தால் மதிப்பிடும் முறை

முதுமலையில் தெப்பக்காடு–மசினகுடி சாலையோரம் மேயும் புள்ளிமான் கலையின் (ஆண்மானின்) வயதை மதிப்பிட விரும்புவோர், கொம்புக்கு முன் உடலைப் பக்கவாட்டில் கவனிக்க வேண்டும். கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பதாலும் மேய்ச்சலைப் பொறுத்து அதன் நீளம் மாறுவதாலும் அதை மட்டும் நம்ப இயலாது. கிளைவிடாத குச்சிக்கொம்பும் பெண்மானைப் போன்ற மெல்லிய கழுத்தும் இருந்தால் அது ஏறத்தாழ 1 முதல் 2 வயதுள்ள இளங்கலை. முதிர்ந்த கலைக்கு ஒவ்வொரு கொம்பிலும் பெரும்பாலும் மூன்று முனைகள் இருக்கும். கழுத்து தடித்து, முகத்தில் கருமை கூடி, மார்பு ஆழ்ந்திருப்பதால் கால்கள் குட்டையாகத் தோன்றும். முதுகு தொய்ந்து வயிறும் சரிந்திருந்தால் கிழக்கலை எனலாம்.

புள்ளிகளை எண்ணுவது வீண்வேலை. குட்டிக்கும் கிழத்துக்கும் அவை உண்டு. மென்மயிர்த்தோல் போர்த்திய கொம்பைக் கண்டதும் இளையது என்று முடிவுகட்டுவதும் தவறு, ஏனெனில் பெருங்கலைக்கும் புதுக்கொம்பு அவ்வாறே வளர்கிறது.